எக்ஸ்ரே நார்மல், ஆனால் பாட்டியால் நிற்க முடியவில்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில், இடுப்பு மூட்டு, மேல்தொடை எக்ஸ்ரே பற்றியவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். நான் எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவன். படத்தைப் பார்த்து முடிவு சொல்வது டாக்டரின் பொறுப்பு என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

பாட்டிக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாளாகியும் காலை ஊன்ற முடியவில்லை. சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. நீவலாமா?

வேண்டாம். அந்தக் காலை யாரும் நீவவோ இழுக்கவோ விடாதீர்கள். பாட்டியை நடக்கவைத்துப் பார்க்கவும் வேண்டாம். இன்றே மறுபடியும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். காரில் ஏற்ற முடியாவிட்டால் 999க்கு அழையுங்கள்.

தொடை எலும்பின் மேல்முனையில் ஒரு பந்து, அதற்குக் கீழே ஒரு கழுத்து. வயதானவர்கள் விழும்போது பெரும்பாலும் இந்தக் கழுத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் முறிவு வரும். எலும்பு விலகாமல் மயிரிழை விரிசலாக மட்டும் இருந்தால், முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். நூற்றில் சிலருக்கு இப்படி ஆகிறது. எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய்) இருந்தால் எலும்பே மங்கலாக விழும், விரிசலைப் பிடிப்பது இன்னும் சிரமம். அதனால்தான் படம் நார்மலாக இருந்தும் கால் ஊன்ற முடியாத பெரியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறார்கள். அது கிடைக்கத் தாமதமானால் சி.டி. ஸ்கேன். சின்ன ஊர் மருத்துவமனையில் இந்த வசதி இல்லையென்றால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலகாத விரிசலைப் பல நேரங்களில் சில திருகாணிகளால் நிறுத்திவிடலாம். நீவியோ நடக்கவைத்தோ அது விலகிவிட்டால், பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சேதமாகி, பந்தையே மாற்றும் ஆபரேஷன் வரை போய்விடும். ஒவ்வொரு நாள் படுக்கையும் பாட்டிக்கு ஆபத்துதான்: நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். முறிவு உறுதியானால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடப்பது நல்லது.

அங்கே போனதும் ‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் கைக்கு வரும் தாளில் அது மட்டும் இருந்தால், முதுகெலும்பைப் படம் எடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. பாட்டியின் விரலாலேயே இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூட்டு வலி பெரும்பாலும் தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் இருக்கும். விழுந்து ஐந்து நாள், எந்தப் பக்கமாக விழுந்தார், விழும்முன் நடந்துகொண்டிருந்தார், இப்போது நிற்கவே முடியவில்லை, முதல் படம் நார்மல் என்றார்கள்: இவ்வளவையும் சொல்லுங்கள். பழைய படத்தையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் மகனுக்கு 12 வயது, கொஞ்சம் பருமன். மூன்று வாரமாக முட்டி வலி, நொண்டுகிறான். டாக்டர் இடுப்பு எக்ஸ்ரேக்கு எழுதியிருக்கிறார். தாளைத் தப்பாக எழுதிவிட்டாரா?

இல்லை அக்கா, அவர் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால், மேலே உள்ள கோளாறு கீழே வலியாகத் தெரியும். வளரும் வயதில், அதிலும் உடல் பருமனான பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் பந்து வளர்ச்சித் தட்டிலிருந்து (எலும்பு வளரும் மென்மையான பகுதி) மெல்ல வழுக்குவது உண்டு. முட்டியை மட்டும் படம் எடுத்தால் எதுவும் தெரியாது, மாதங்கள் ஓடிவிடும். நேராக ஒரு படம், முட்டியை மடக்கிக் கால்களை விரித்து ஒரு படம், இரண்டும் வேண்டும். ஆரம்ப வழுக்கல் பெரும்பாலும் இரண்டாவதில்தான் பிடிபடும். மறுபக்கமும் வழுக்க வாய்ப்பிருப்பதால் இரண்டு இடுப்பையும் சேர்த்துப் பார்ப்பார்கள். படம் எடுக்கும்வரை பந்து விளையாட்டு, ஓட்டம் எதுவும் வேண்டாம். காலை ஊன்றவே முடியாமல் போனால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

படம் எடுக்கும்போது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொன்னார்கள். வலித்தது. எதற்கு?

தொடை எலும்பின் கழுத்து இயல்பாகவே கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பாதத்தை 15 முதல் 20 டிகிரி உள்ளே திருப்பினால்தான் அதன் முழு நீளமும் படத்தில் விழும், இல்லையென்றால் குட்டையாகத் தெரியும். ஆனால் விழுந்து அடிபட்டவரின் காலை நாங்கள் திருப்ப மாட்டோம். அவருக்கு நல்ல காலைத் தூக்கிவைத்து, பக்கவாட்டிலிருந்து படம் எடுப்போம். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் கர்ப்பம் என்று தெரிந்தது. கலைத்துவிடச் சொல்கிறார்கள் வீட்டில். பயமாக இருக்கிறது. இடுப்பில் ஈயக் கவசமும் போடவில்லை.

அந்த ஒரு படத்துக்காகக் கலைக்க வேண்டிய அவசியமே இல்லை தங்கச்சி. கருவுக்குப் பாதிப்பு வரும் என்று அறியப்பட்ட அளவு 100 மில்லிகிரே (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இடுப்பு எக்ஸ்ரே ஒன்றில் கருவுக்குச் சேர்வது பொதுவாகச் சில மில்லிகிரேதான். கிளினிக்கில் எடுத்த தேதியைச் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள், போதும். கவசம் போடாததும் அலட்சியம் இல்லை. இடுப்புப் படத்தில் அது பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துவிடலாம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019லேயே வழக்கமாகக் கவசம் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. மற்றப் பெண்களுக்கு: மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தால் படத்துக்கு முன்பே சொல்லுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அம்மா எலும்புப்புரைக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை, ஏழு வருஷமாகச் சாப்பிடுகிறார். விழவே இல்லை, ஆனால் தொடையில் மந்தமான வலி.

தள்ளிப்போடாதீர்கள். இந்த வகை மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடும் வெகு சிலருக்கு, அடிபடாமலேயே தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் விரிசல் தொடங்கும். இடுப்புப் படம் மேல்தொடையோடு நின்றுவிடும், விரிசல் அதற்குக் கீழே இருக்கலாம். அதனால் மாத்திரையின் பெயரை டாக்டரிடம் சொல்லி, இரண்டு தொடை எலும்புகளையும் முழு நீளத்துக்கு எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது தடுக்கும் முறிவுகளே மிக அதிகம்.

அரைஞாணைக் கழற்ற வேண்டுமா?

வெள்ளி என்றால் கழற்றுங்கள், கழற்ற முடியாவிட்டால் தொப்புளுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். தாயத்து, சில்லறை, கைப்பேசி, பெல்ட்டுக்கும் இதே விதிதான். வெறும் கயிறு பிரச்சினை இல்லை, அதை யாரும் அறுக்க மாட்டார்கள்.

காலையில் வேலைக்காட்டுக்குப் போகும்போது மோட்டாரிலிருந்து விழுந்துவிட்டேன். சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எக்ஸ்ரே வேண்டுமா?

வீட்டிலிருந்து வேலைக்கு நேராகப் போகும் வழியில் நடந்த விபத்தையும் சொக்சோ ஏற்கும். உங்கள் விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும், ஆகவே கிராணியிடம் (தோட்ட எழுத்தர்) இன்றே சொல்லிவிடுங்கள். போலீஸ் புகார், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), எக்ஸ்ரே அறிக்கை எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். படத்தைச் சிடியில் கேட்டு வாங்கலாம். எந்தப் பக்கம் அடி, எந்த நேரம், எந்த வழி என்று முதல் நாளிலேயே டாக்டரிடம் சொல்லி எழுதவையுங்கள்.