கம்பாலா வரை ஒரே சுங்கம், கோமாவுக்கு?

கேள்வி: உகாண்டாவின் கம்பாலாவில் உள்ள ஒரு மொத்த வியாபாரிக்கு ஆயத்த ஆடைகள் அனுப்புகிறேன். காங்கோவும் (காங்கோ ஜனநாயகக் குடியரசு) கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற நாடுகளின் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டதால், கம்பாலாவில் வரி கட்டிய சரக்கில் பாதியைக் கிழக்குக் காங்கோ நகரமான கோமாவுக்கு மறுவரி இல்லாமல் அனுப்பலாம் என்கிறார். கோமாவிலிருந்தே பணம் வருமாம். நம்பலாமா?

பதில்: உகாண்டா வரையிலான ஏற்பாட்டை நம்பலாம், கோமாவுக்கு அதே கணக்கைப் போடாதீர்கள்.

2014 முதல் நடைமுறைக்கு வந்த ஒற்றைச் சுங்க மண்டல முறையில், சரக்கு கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இருக்கும்போதே உகாண்டாவுக்கான சுங்க அறிவிப்பைத் தாக்கல் செய்து வரியையும் கட்டிவிடலாம். கென்யா–உகாண்டா இடையிலான மலாபா எல்லையில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் பணியாற்றுவதால், வாரக்கணக்கில் இழுத்த பயணம் சில நாட்களில் முடிகிறது. 2022 ஜூலை முதல் ஆயத்த ஆடைகளுக்கான பொது வெளிவரி (சமூகத்துக்கு வெளியிலிருந்து வரும் சரக்குக்கு உறுப்பு நாடுகள் பொதுவாக விதிக்கும் வரி) 35 விழுக்காடு; ஆயினும் உறுப்பு நாடுகள் அவ்வப்போது தமக்கென வேறு விகிதம் கேட்டுப் பெறுவதால், நடப்பு ஆண்டின் விகிதத்தைச் சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காங்கோ 2022 ஜூலையில் முழு உறுப்பினரானது. ஆனால் ஒப்பந்தத்தில் சேர்வது வேறு, சுங்கச் சாவடியில் அதை நடைமுறைப்படுத்துவது வேறு. உங்கள் ஆடைகள் உறுப்பு நாடுகளில் தயாரானவை அல்ல என்பதால் சமூகத்துக்குள்ளான வரிச்சலுகை அவற்றுக்குக் கிடைக்காது. கம்பாலாவில் வரி கட்டியபின் எல்லை தாண்டினால் காங்கோ மீண்டும் வரி கேட்கும். கோமாவுக்குரிய பங்கை மொம்பாசாவிலேயே தனியாகப் பிரித்து, உகாண்டா வழியாகக் காங்கோவுக்குச் செல்லும் இடைவழிச் சரக்காக, உரிய பிணையப் பத்திரத்துடன் அறிவிப்பதே முறை.

வரியைவிடப் பெரிய கேள்வி அமைதி. 1967-இல் தொடங்கிய முதல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம், கென்யா, தான்சானியா, உகாண்டா அரசுகளின் பிணக்கால் 1977-இல் உடைந்தது. கென்யா–தான்சானியா எல்லை 1983 வரை மூடிக் கிடந்தது. இன்றைய சமூகத்துக்குள்ளும் ருவாண்டா–உகாண்டா உறவு கெட்டபோது, கத்துனா எல்லை 2019 பிப்ரவரி முதல் 2022 ஜனவரி இறுதி வரை ஏறத்தாழ முடங்கியது. கிழக்குக் காங்கோவுக்கு 2022 நவம்பரில் சென்ற சமூகத்தின் கூட்டுப்படையை, எம்23 கிளர்ச்சியாளர்களை எதிர்த்துப் போரிடவில்லை என்று குறைகூறிய காங்கோ அரசு நீட்டிக்க மறுத்ததால், அது 2023 டிசம்பரில் வெளியேறியது. 2025 ஜனவரி இறுதியில் கோமா எம்23 வசமானது. நகரின் வங்கிகள் மூடப்பட்டன. எல்லையை ஒட்டிய ருவாண்டா நகரான கிசெனிக்கும் கோமாவுக்கும் இடையே அன்றாடம் தலைச்சுமையாகக் காய்கறி கொண்டுசென்று பிழைக்கும் பெண்களுக்கு இத்தகைய அரசியல் முறிவு ஒவ்வொன்றும் அடுப்பைத் தொடும் இழப்பு என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே விற்பனை ஒப்பந்தத்தைக் கம்பாலா வியாபாரியின் பெயரிலேயே வைத்து, உங்கள் பொறுப்பு கம்பாலாவில் சரக்கை ஒப்படைப்பதோடு முடிகிறது என்று எழுதுங்கள். பணம் கோமாவிலிருந்து வரும் என்ற நிபந்தனையை ஏற்காமல், கம்பாலா வங்கியின் உறுதிக்கடிதம் வந்தபின் சரக்கை ஏற்றுங்கள்.