360-க்கு 24 காரணிகள் எப்படி?

வணக்கம் அண்ணே. 360 = 2³ × 3² × 5 என்று மகளுக்குப் பிரித்துக் காட்டி, அடுக்குகளைப் பெருக்கியதில் (3 × 2 × 1) 6 காரணிகள்தான் வந்தன, விடைத்தாளில் 24 இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். விடைத்தாள் சரிதான்.

நம்ம பினாங்கு நாசி கண்டார் கடையில் (சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் கடை) குழம்பே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதானே? அதே மாதிரி ஒரு காரணியில் 2 என்பது 0, 1, 2 அல்லது 3 முறை வரலாம். ஆக 4 வழி. 3-க்கு 3 வழி, 5-க்கு 2 வழி. 4 × 3 × 2 = 24. எதையுமே எடுக்காவிட்டால் 1 கிடைக்கும், அதுவும் காரணிதான்.

உங்கள் 6-உம் வீணில்லை. 2, 3, 5 மூன்றும் கட்டாயம் இருக்கும் காரணிகள் அவை: 30, 60, 90, 120, 180, 360. அப்புறம், மகளிடம் 36-ஐக் கொடுத்துப் பாருங்கள். 9 காரணிகள் வரும், ஒற்றைப்படை! ஏன் என்று அவளே யோசிக்கட்டும்.