தாத்தாவின் பென்ஸ் லாரிக்கு விண்டேஜ் நம்பர் கிடைக்குமா?

கேள்வி: தாத்தா 1967-ல் வாடகைக்குச் சரக்கு ஏற்ற வாங்கிய டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி, திருச்செங்கோடு பக்கம் எங்கள் தோட்டத்தில் 1998-லிருந்து ஓடாமல் நிற்கிறது. தாத்தா காலமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வண்டியைச் சரிசெய்து வைத்துக்கொள்ள ஆசை. ஒன்றரை லட்சம் கொடுத்தால் ‘வி.ஏ.’ என்கிற விண்டேஜ் நம்பர் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ்கூட வேண்டாம். அசல் ஆர்.சி. அவர் கைக்குப் போயிருந்தால், இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதி, சொந்த உபயோகத்துக்கான இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானது. முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ் என்கிற அடிச்சட்டம், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்கள் தாத்தாவின் லாரி பர்மிட் எடுத்து வாடகைக்குச் சரக்கு ஏற்றிய வண்டி. வயது பொருந்துகிறது, வகை பொருந்தவில்லை.

அந்த வி.ஏ. நம்பரும் இந்தியாவில் இதுவரை பதிவாகாத வண்டிக்குத்தான். அமெரிக்காவிலிருந்து ஒருவர் 1967 மஸ்டாங் காரை இறக்குமதி செய்தால், இங்கே 20,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டி அந்த நம்பரை வாங்கலாம். சுங்க வரி தனி. ஏற்கெனவே இங்கே பதிவான கார், தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் லாரியில் இருப்பது மெட்ராஸ் ராஜ்ய காலத்து நம்பர். அதைத் தொலைத்துவிட்டு வி.ஏ. எதற்கு?

இதைப் படித்துவிட்டு, “எங்கள் வீட்டு ஜீப்புக்கும் கிடைக்காதா?” என்று பலர் கேட்பீர்கள். அதற்குக் கிடைக்கலாம். ராணுவம் கழித்துவிட்டு விற்ற ஜீப்பானாலும், தொடக்கத்திலிருந்தே சொந்த உபயோக வண்டியாகப் பதிவாகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் 50 வருடத்தை எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். தயாரித்த வருடத்திலிருந்து அல்ல, முதல் பதிவிலிருந்து எண்ண வேண்டும். ராணுவத்தில் பத்து வருடம் ஓடிவிட்டு 1980-ல்தான் முதன்முதலாக ஆர்.டி.ஓ. பதிவுக்கு வந்த ஜீப் என்றால், கணக்கு 1980-லிருந்துதான். நடுவில் டீசல் என்ஜின் ஏற்றியிருந்தால் அதுவும் சிக்கல். எல்லாம் சரியாக இருந்து பதிவானாலும் கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று இவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட முடியாது. பதிவு செல்லுபடியாவது 10 வருடம்.

சரி, லாரிக்கு வருவோம். புரோக்கருக்கு வேண்டியது உங்கள் ஆர்.சி.யும் சேசிஸ் நம்பரும். இரண்டும் கிடைத்தால், திருட்டு வண்டியின் சேசிஸில் அந்த நம்பரை அடித்து உயிர் கொடுத்துவிடலாம். பிறகு போலீஸ் தேடி வருவது தாத்தாவின் வாரிசைத்தான். ஆர்.சி.யின் ஜெராக்ஸைக்கூட வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

முதலில் சேசிஸ் நம்பரைக் கண்டுபிடியுங்கள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நீளச் சட்டத்தில் தேடுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பழைய கிரீஸை ஊறவைத்துத் துடையுங்கள். எழுத்து தெரிந்ததும் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் கிரைண்டரோ மணல் பிளாஸ்டிங்கோ படவே கூடாது. பெயின்ட் வேலை ஆரம்பிக்கும் முன்பே மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். துரு எடுக்கும் ஆர்வத்தில் நம்பரையே எடுத்துவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த வண்டி யாருடையது என்று நிரூபிக்க முடியாது.

அடுத்து பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்துவிட்டால் படிவம் 31. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். அத்தை, சித்தப்பா எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். சட்டப்படி இது சில மாதங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை, தாமதத்துக்கு அபராதம் கேட்பார்கள். 1998-ல் வண்டியை நிறுத்தியபோது ‘வண்டி ஓடவில்லை’ என்று ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்டாப்பேஜ் எழுதிக் கொடுத்த தாள் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லையென்றால் காலாண்டு வரி பாக்கி என்று பெரிய தொகை வந்து நிற்கலாம். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் “இந்த வண்டி கம்ப்யூட்டரில் இல்லை” என்பார்கள். திருச்செங்கோடு இன்று இருக்கும் நாமக்கல் மாவட்டமே 1967-ல் கிடையாது, 1997-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. அதனால் பழைய பதிவேட்டைச் சேலத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ‘பேக்லாக் என்ட்ரி’ போடுவது அவர்கள் வேலை. மக்கள் வரி கட்டி வாங்கிய வண்டியின் பதிவேட்டைப் பத்திரமாக வைக்காமல், ஆதாரம் எங்கே என்று நம்மிடமே கேட்பதை என்னவென்று சொல்வது? ஓர் அலுவலகத்தில் ஒரே பதிவேட்டுக்காக ஏழு முறை நடந்திருக்கிறேன். எட்டாவது முறை மனு நகலோடு போனேன், அலமாரி திறந்தது. புரோக்கர்கள் பிழைப்பதே இந்த அலட்சியத்தில்தான்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் இன்சூரன்சும் இல்லாமல் லாரியை டீக்கடை வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். சரக்கு வண்டிக்கு எஃப்.சி. இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது பதிவான வண்டியே அல்ல. யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு உங்கள் தலையில். பட்டறைக்குக் கொண்டுபோக டிரெய்லரில் ஏற்றுங்கள். தோட்டத்திலேயே ஷெட் போட்டுக் காட்சிக்கு நிறுத்துவதே உங்களுக்குச் சரியான வழி.

கேபின் மரம் செல்லரித்திருந்தால் கவலை வேண்டாம். கம்பெனியிலிருந்து வந்தது மூக்கும் சேசிஸும்தான். மரக் கேபின் நம் ஊர்ப் பட்டறைகளில் கட்டியது. அதே அளவில் நல்ல ஆசாரியிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். அப்புறம், முன்னால் இருக்கும் அந்த மூன்று முனை நட்சத்திரம், பென்ஸ் சின்னம். டாட்டாவும் பென்ஸும் 1954-ல் தொடங்கிய கூட்டு 1969-ல் முடிந்ததும், டாட்டா லாரிகளில் அந்த இடத்துக்கு ‘டி’ எழுத்து வந்துவிட்டது. பட்டறைக்கு வண்டி போகும் முன் நட்சத்திரத்தை நீங்களே கழற்றி வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள்.