அறுகம்பையிலிருந்து குல்மார்க்குக்கு: பனிச்சறுக்கப் போகக் காசு சேர்ப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 36. பொத்துவிலில், அறுகம்பைக் கரையில், ஐந்து கபானா (விருந்தினர் தங்கும் சிறு குடில்கள்) வைத்து நடத்துகிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள். மே முதல் செப்டெம்பர் வரை அலைச்சறுக்க வருகிறவர்களால்தான் வருமானம். தொழில் செலவு கழித்து வருடத்துக்கு 21 இலட்சம் ரூபா கையில் மிஞ்சும். வீட்டுச் செலவு மாதம் 85,000, கபானா கட்டிய கடனுக்குத் தவணை மாதம் 45,000, கூரைக்கும் மரவேலைக்கும் வருடத்துக்கு 2 இலட்சம். என்னிடம் வந்து தங்குகிறவர்களில் பலர் குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் போகிறவர்கள். நாலு வருடமாக இரவில் அவர்களோடு இருந்து கதைத்துக் கதைத்து எனக்கும் அந்த ஆசை பிடித்துவிட்டது. இப்போது அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறேன். வருகிற பெப்ரவரியில் ஒஸ்திரியாவில் வீடு எடுக்கிறோம், நீயும் வா என்கிறார்கள். கணக்குப் பார்த்தால் 14 இலட்சம். காஷ்மீரில் குல்மார்க் என்றால் 4.6 இலட்சம். நிலையான வைப்பில் 6 இலட்சம் இருக்கிறது. மனைவியின் நகையையும் அடகு வைக்கலாம். போகலாமா?

பதில்: தம்பி, போங்கள். வருகிற பெப்ரவரியை விட்டுவிட்டு அதற்கடுத்த பெப்ரவரியில், குல்மார்க்குக்குப் போங்கள். வைப்பிலும் நகையிலும் கை வைக்க வேண்டாம்.

உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். வீட்டுக்கு வருடம் 10.2 இலட்சம், தவணைக்கு 5.4, கூரைக்கும் மரவேலைக்கும் 2. மொத்தம் 17.6 இலட்சம். மிஞ்சுவது 3.4 இலட்சம். அதில் ஒரு இலட்சத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கும் திடீர் வருத்தங்களுக்கும் ஒதுக்கினால், பனிக்கென்று 2.4 இலட்சம் இருக்கிறது. சீசனில் வாரம் 12,000 ரூபா, 20 வாரம். இரண்டு சீசனில் 4.8 இலட்சம். உங்கள் குல்மார்க் கணக்குக்கு இது போதும்.

ஆனால் அந்த 12,000ஐ எடுப்பதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு வருடத்தில் ஐந்து மாதம்தான் பணம் வருகிறது. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஏழு மாதத்துக்கு வீடும் தவணையும் மாதம் 1.3 இலட்சம் கேட்கும். அது 9.1 இலட்சம். சீசன் தொடங்க முன் ஓடாவிக்கும் கூரை மேய்கிறவர்களுக்கும் கொடுக்க 2 இலட்சம். ஆக, செப்டெம்பர் 30 அன்று உங்கள் கணக்கில் 11.1 இலட்சம் நிற்க வேண்டும். ஜூலை கடைசியில் ஒருதடவை உட்கார்ந்து பாருங்கள். அந்தத் தொகைக்குப் போகிற வேகம் இல்லையென்றால் பனிப் பணத்தை அந்த வருடம் நிறுத்திவிடுங்கள். பயணம் ஒரு வருடம் தள்ளிப்போனால் பரவாயில்லை. மாரி மழையில் அரிசிக்குக் கடன் வாங்குகிற நிலை வரக்கூடாது.

வைப்பை ஏன் உடைக்க வேண்டாம் என்கிறேன் என்பது அறுகம்பையில் தொழில் செய்கிற உங்களுக்குத் தெரியாததல்ல. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பின் அந்த சீசனுக்கு என்ன நடந்தது? 2020இல் கொரோனா. 2022இல் பெற்றோல் வரிசை. 2024 ஒக்டோபரில் அறுகம்பைக்குப் போக வேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்ததும் அறைகள் எப்படிக் காலியாகின என்று நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஆறு வருடத்துக்குள் நாலு அடி. அந்த 6 இலட்சம் ஏறக்குறைய நாலரை மாத வீட்டுச் செலவும் தவணையும்தான். உண்மையில் அது இன்னும் வளர வேண்டிய பணம். நகையும் அப்படித்தான். மழைக்காலத்தில் வருமானமில்லாமல் இருக்கும்போது அடகுக்கு வட்டி ஏறினால், அடுத்த மே மாத வருமானம் நகையை மீட்கத்தான் போகும்.

ஒஸ்திரியா அழைப்பு அன்பான அழைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் நண்பர்கள் மலைக்குப் பக்கத்தில் பிறந்து, பலகையும் பூட்ஸும் சொந்தமாக வைத்திருந்து, காரில் போய் இறங்குகிறவர்கள். அவர்களுக்கு அது ஒரு வார விடுமுறை, உங்களுக்கோ எட்டு மாத வருமானம். ஒஸ்திரியாவுக்குப் போக எடுக்க வேண்டிய ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. அதோடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள். உங்கள் வங்கிக் கூற்றில் மழைமாதங்களில் மீதி இறங்கிக்கொண்டே போகும். அப்போது அடகுப் பணம் திடீரென்று வந்து விழுந்தால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும். விசா கிடைக்காவிட்டால் கட்டணமும் திரும்பாது.

அந்த நண்பர்களிடம் விலை கேட்காதீர்கள், அனுபவம் கேளுங்கள். முதல் வாரத்தில் எதற்குச் செலவழித்து வீணாகியது, விழுந்து அடிபட்டபோது காப்புறுதி உண்மையில் பணம் கொடுத்ததா, என்ன உடுப்பு இல்லாமல் நடுங்கினீர்கள் என்று கேளுங்கள். இன்னொன்றும் செய்யலாம். அடுத்த தடவை கொஞ்சம் முந்தி ஏப்ரலிலேயே வரச் சொல்லி, அவர்கள் பாவித்து ஒதுக்கிய பனி ஜாக்கெட், காற்சட்டை, கண்ணாடி, கையுறை இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். பதிலுக்கு, ஆள் குறைந்த அந்த நாட்களில் இரண்டு இரவு தங்கவிடுங்கள். காலியாகக் கிடக்கும் கபானாவால் உங்களுக்குப் பெரிய இழப்பில்லை, கையிலிருந்து காசும் போகாது. தலைக்கவசத்தை மட்டும் இப்படி வாங்க வேண்டாம், முன்னர் அடிபட்டதா என்று தெரியாது. பூட்ஸை அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

பூட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சில வருடங்களுக்கு முன் சுவிஸில் அக்கா வீட்டுக்குப் போனபோது நானும் வாடகைக்கு எடுத்துப் போட்டேன். நாலு கொக்கியையும் இறுக்கினால் கணுக்கால் அசையாது. முழங்காலை முன்னே மடித்து, கீழ்க்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்த நின்றால்தான் பலகை சொல் கேட்கும். பின்னால் சாய்ந்த அந்த நொடியே பலகை தன்பாட்டில் ஓடிவிடும். அதைப் பழகவே எனக்கு இரண்டு நாள் போனது. முழு மலைக்கும் ஆறு நாள் பாஸ் வாங்கியிருந்தேன். அதில் நாலு நாள் பிள்ளைகள் பழகும் சரிவை விட்டு நான் மேலே போகவேயில்லை. அந்தக் காசு இன்னமும் என் மனதில் உறுத்துகிறது.

குல்மார்க்கிலும் இதே பிழை நடக்கும். அங்கே கொண்டோலா, அதாவது கம்பியில் தொங்கி மலையேறும் வண்டி, இரண்டு கட்டமாக ஏறும். முதல் கட்டம் கொங்டூரி வரை. இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,980 மீற்றர் உயரத்தில் அபர்வட் மலையில் கொண்டுபோய் விடும். அதற்கப்பால் இருப்பது மிதித்துச் சீர்செய்யாத பனி. உலகமெங்கும் இருந்து தேர்ந்தவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். 2023இலும் 2024இலும் பெப்ரவரியில் வந்த வெளிநாட்டவர் சிலர் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள். முதல் பயணத்தில் அந்த டிக்கெட் உங்களுக்குத் தேவையில்லை. ஊருக்குள் புல்வெளியாக இருக்கும் இடத்திலேயே பழகும் சரிவுகளும் கயிற்றால் இழுத்து மேலே விடும் வசதியும் உண்டு. மிச்சமாகும் பணத்தை ஆசிரியருக்குக் கொடுங்கள். நாலு நாள் நல்ல ஆசிரியரோடு நிற்பது இரண்டு வாரம் தனியாக விழுந்து எழும்புவதைவிட மேல். அலைப்பலகையில் நின்று பழகிய கால் உங்களுடையது, சமநிலை சீக்கிரம் வரும்.

நாளைத் தெரிவு செய்வதிலும் காசு இருக்கிறது. காஷ்மீரில் டிசெம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையான நாற்பது நாளைச் சில்லாய் கலான் என்பார்கள், கடுங்குளிர்காலம். குளிர் இருந்தால் பனியும் இருக்கும் என்று நம்பிப் பணம் கட்டிவிடக்கூடாது. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியில்லாமல் வெறுமையாகக் கிடந்தது. 2025 பெப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஆகவே தைப்பொங்கல் முடித்து, பெப்ரவரி நடுப்பகுதியை வையுங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் இரத்துச் செய்யக்கூடிய அறையையே எடுங்கள். 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பின் பல சுற்றுலா இடங்களை மூடினார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். புறப்படும் வாரத்தில் நிலைமை சரியில்லையென்றால் திரும்பிக் கிடைக்கும் பணம்தான் உங்களைக் காப்பாற்றும்.

கொழும்பு–டெல்லி, டெல்லி–ஸ்ரீநகர் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். பனிமூட்டத்தில் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், தனித்தனி டிக்கெட்டில் முழுப் பணமும் போய்விடும். ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர் வீதி. பனி விழும் நாட்களில் வழியில் உள்ள தங்மார்க்கில் சங்கிலி பூட்டிய வாகனத்துக்கு மாற வேண்டி வரலாம், அதற்கும் ஒரு தொகை வையுங்கள்.

இனி நான் மிகவும் பயப்படுகிற இடம் காப்புறுதி. சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் பனிச்சறுக்கு சேராது. தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் குறித்த பாதைக்கு வெளியே போனால் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். முகவர் வாயால் சொல்வது போதாது, அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுவது முழங்கால். உங்களுக்கு பெப்ரவரியில் முழங்கால் தசைநார் அறுந்தால் ஏப்ரலில் கபானாக் கூரையில் யார் நிற்பது, மே மாதம் அலைப்பலகை தூக்குவது யார்? மருத்துவச் செலவைக் காப்புறுதி தரும். இழந்த சீசனைத் தராது. அதனால்தான் மேலே சொன்ன 6 இலட்சம் அப்படியே கிடக்க வேண்டும் என்கிறேன்.

சேர்க்கும் பணத்தை ரூபாவிலேயே வைத்திருக்கவும் வேண்டாம். 2022இல் சில வாரத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. 4.8 இலட்சம் முன்னர் 2,400 டொலர், பின்னர் 1,333 டொலர். உங்களுக்கோ விருந்தினர் யூரோவும் டொலரும் கொண்டுவருகிறார்கள். தொழில் வருமானத்துக்கான வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறப்பது பற்றி உங்கள் வங்கியில் கேட்டு, வாரத்து 12,000க்குச் சமனானதை அப்படியே அதில் போட்டு வாருங்கள். சீட்டுப் பணத்தை இதற்கு நம்ப வேண்டாம். ஒருவர் கட்டாமல் விட்டால் உங்கள் விமானம் காத்திருக்காது. கடனட்டையை அவசரத்துக்கு மட்டும் கொண்டு போங்கள். வெளிநாட்டில் தேய்த்தால் மாற்று வீதத்தோடு வங்கிக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேரும்.

குழுவுக்கு இன்றே ஒரு செய்தி போடலாம்: ஒஸ்திரியாவுக்கு இப்போது வர முடியாது, அதற்கடுத்த பெப்ரவரியில் குல்மார்க் போகிறேன், யார் வருகிறீர்கள் என்று. அபர்வட் பனிக்கு ஆசைப்படுகிறவர்கள் அதில் இரண்டு பேராவது இருப்பார்கள். அறையைப் பங்குபோட்டால் உங்கள் 4.6 இலட்சம் இன்னும் இறங்கும்.