வீட்டை இரவுத் தங்குமிடமாக்க மன்ற அனுமதி வேண்டுமா?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் எனக்கும் என் தம்பிக்கும் அப்பா விட்டுச்சென்ற இரட்டை மாடி வரிசை வீடு ஒன்று இருக்கிறது. கொம்தார் வட்டாரத்தில் வீடின்றித் தெருவில் உறங்குவோருக்கு உணவு வழங்கிவரும் எங்கள் நண்பர் குழு, சில மாதங்களாக அவர்களில் 12 பேரை இரவில் அங்கே தங்கவைக்கிறது. யாரிடமும் ஒரு சென்கூட வாங்குவதில்லை. அண்டை வீட்டார் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்ததால், அனுமதியின்றி வீட்டின் பயன்பாட்டை மாற்றியதற்கு விளக்கம் கேட்டு மாநகர் மன்றம் கடிதம் அனுப்பியுள்ளது. பணம் வாங்காதபோதும் இது குற்றமா? அக்கம்பக்கத்தார் விரும்பவில்லை என்பதற்காக மூட வேண்டுமா?

பதில்: ஐயா, தங்களுடைய முதல் கேள்விக்கான பதில் தங்களுக்கு உவப்பாக இராது. தீபகற்ப மலேசியாவின் மாநிலங்களில் நிலப் பயன்பாட்டை நெறிப்படுத்துவது 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172. கட்டடம் எழுப்புவதை மட்டுமல்லாமல், நிலத்தின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதையும் அச்சட்டம் ‘மேம்பாடு’ என்றே கருதுகிறது. ஆகவே ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாதவருக்கும் 19ஆம் பிரிவின்படி திட்ட அனுமதி தேவைப்படலாம். மன்றம் பார்ப்பது வருமானத்தை அல்ல. ஒரு குடும்பம் வாழும் வீட்டில், ஒருவருக்கொருவர் உறவில்லாத 12 பேர் இரவுதோறும் வந்து தங்கிப் போவது, விருந்தினரை உபசரிப்பதைப் போன்றதன்று, ஒரு விடுதியின் இயல்புடையது என்று மன்றம் வாதிட்டால், அதை மறுப்பது எனக்கும் எளிதாக இராது. 26ஆம் பிரிவின்படி இக்குற்றத்திற்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இவை உச்ச வரம்புகள். முதல் கடிதத்திலேயே யாரும் அந்த எல்லைக்குப் போவதில்லை. ஆனால் பயன்படுத்தியவரோடு, பயன்படுத்த ‘அனுமதித்தவரும்’ அப்பிரிவில் அடங்குவதால், வீட்டின் பாதிக்கு உரிமையாளரான தங்கள் தம்பியும் இதிலிருந்து விலகி நிற்க இயலாது.

அண்டை வீட்டார் விஷயத்தில் நிலைமை தங்களுக்குச் சற்றுச் சாதகமானது. எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் அந்த வட்டாரத்திற்கு அரசிதழில் வெளியிடப்பட்டிருந்தால், மன்றம் முதலில் அதையே பார்க்கும்; திட்டத்திற்கு முரணான பயன்பாட்டை 18ஆம் பிரிவே தடுக்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் 21ஆம் பிரிவின்படி அண்டை நிலத்தவர்களுக்கு அறிவிப்புக் கொடுக்கப்பட வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒட்டியுள்ள நிலங்களோடு, 20 மீட்டருக்கு மேற்படாத அகலமுள்ள சாலைக்கு எதிர்ப்புறத்தில் உள்ளவையும் இதில் சேரும். ஆட்சேபத்தை மன்றம் கருத்தில் கொள்ள வேண்டுமே தவிர, அதற்குக் கட்டுப்பட்டதில்லை. கழிவறை வசதி, குப்பை, இரவு நேரச் சத்தம், வாகன நெரிசல் ஆகியவை திட்டமிடல் சார்ந்த காரணங்கள்; ‘இப்படிப்பட்டவர்கள் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வேண்டாம்’ என்பதற்குத் திட்டமிடல் சட்டத்தில் தனியாக எடை கிடையாது. ஆனால் புகார் மனுக்களில் இரண்டும் கலந்தே வரும். ஆகவே அவர்களில் ஓரிருவரையாவது நேரில் சந்தித்து, உண்மையான சிரமம் எது என்று கேட்டறிவது வழக்கறிஞர் கடிதத்தைவிடப் பயனளிக்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பராமரிப்புக்காக ஏற்று உறையவைக்கும் இடம், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையங்கள் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். ‘பராமரிப்பு’ என்பதில் பாதுகாப்பும் மேற்பார்வையும் அடங்கும் என்பதால், ‘படுக்க இடம் மட்டும்தான் கொடுக்கிறோம்’ என்ற வாதத்தை நம்பி இருந்துவிட வேண்டாம். எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்தால் இச்சட்டத்தின் பிடி தளரும் என்றாலும், திட்டமிடல் சட்டத்திலிருந்து அதனால் மட்டும் விலக்குக் கிடைத்துவிடாது. தீயணைப்புத் துறையின் நிபந்தனைகளைக் கெடுபிடி என்று எண்ண வேண்டாம்: 2017இல் கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் தங்குமிடம் எரிந்தபோது, சன்னல் கம்பிகளைத் தாண்டி வெளியேற வழியின்றி 23 பேர் உயிரிழந்தனர். இரவில் கிரில் கதவைப் பூட்டிச் சாவியை ஒருவரே வைத்திருக்கும் வழக்கம் தங்கள் வீட்டில் இருந்தால், அதை இன்றிரவே நிறுத்துங்கள்.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். கடிதத்தில் குறித்த நாளுக்குள் பதில் அனுப்புங்கள். ‘இது சேவை’ என்று வாதிடாமல், எத்தனை பேர், எந்நேரம் முதல் எந்நேரம் வரை, யார் பொறுப்பு என்பதை எழுதி, விண்ணப்பம் செய்ய அவகாசம் கேளுங்கள். விண்ணப்பம் செய்வது மட்டுமே தொடர்ந்து நடத்தும் உரிமையைத் தராது. அதனால் மன்றம் அனுமதித்தாலன்றிப் புதியவர்களைச் சேர்க்காமல், இருப்பவர்களை வேறிடம் மாற்றுவது பற்றிச் சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகத்துடன் பேசுங்கள். நில உரிமைப் பத்திரத்தையும் பார்த்துவிடுங்கள்: அதில் குடியிருப்பு மட்டும் என்ற நிபந்தனை இருந்தால், அதை மாற்றுவது நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி மாநில அரசின் கையில் உள்ளது, மன்றத்தின் கையில் இல்லை. நேரமும் பணமும் எடுக்கும் அந்தப் பாதையில் இறங்குவதைவிட, வணிகப் பகுதியில் உள்ள ஒரு கடைவீட்டின் மேல்மாடிக்கு மன்றத்திடம் பயன்பாட்டு மாற்றம் கேட்பதே நான் தங்கள் இடத்தில் இருந்தால் தேர்ந்தெடுக்கும் வழி. எதைத் தேர்ந்தாலும், ஆயர் ஈத்தாம் வீட்டைப் பற்றி மன்றத்திற்கு அனுப்பும் எந்தத் தாளிலும் தம்பியின் கையெழுத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.