நாற்பது பேர் நான்கு பேரானது ஏன்?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தின் வானம் பார்த்த சிற்றூர்களில் ஒன்று எங்களுடையது. மூன்று ஆண்டுகளாக இளைஞர் நற்பணி மன்றத்தின் செயலாளராக இருக்கிறேன். பொங்கல் விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா என்றால் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோடையில் ஊர்க் கண்மாய்க்கு (ஏரிக்கு) நீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சுத்தம் செய்யத் தொடங்கியபோது முதல் ஞாயிறு 40 பேர் வந்தார்கள். நான்காம் ஞாயிறு 4 பேர்தான். “அதற்குத்தான் நூறு நாள் வேலை இருக்கிறதே” என்கிறார்கள். பெரியவர்கள் எங்களைச் சின்னப் பயல்கள் என்று ஒதுக்குகிறார்கள். நாள் குறிப்பது, பணம் திரட்டுவது, மண்வெட்டி இரவல் வாங்குவது, சாப்பாடு என எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துத் தலைமைப் பண்புப் பயிற்சி முகாம் நடத்தலாமா? தன்னார்வலர்களுக்குச் சட்டை அச்சடித்துக் கொடுத்தால் வருவார்களா?

பதில்: முகாம் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு நாள் உரை கேட்டுச் சான்றிதழ் வாங்கியவர்கள், அடுத்த ஞாயிறு செய்வதற்கு அவர்கள் பொறுப்பில் ஒரு வேலையும் இல்லாவிட்டால், வீட்டில்தான் இருப்பார்கள். உங்கள் ஊரில் ஆர்வத்துக்குக் குறைவிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திருவிழாவுக்குத் திரளும் அதே ஆட்கள்தான் கண்மாய்க்கு வராமல் போகிறார்கள் என்பதால், திருவிழா எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

உங்கள் பகுதிக் கோயில்களில் மண்டகப்படி முறை இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு வகையறாவின் பொறுப்பு. அன்றைய மேளம், அலங்காரம், அன்னதானம், செலவு எல்லாம் அவர்கள் கையில். எந்த மேளத்தை அழைப்பது என்று அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. சாப்பாடு பற்றாமல் போனால் பழியும் அவர்களுக்கே. ஒரு நாளை முழுதாக ஏற்று நடத்துகிற அந்தப் பொறுப்பில்தான் இருபது வயதுப் பையன் சமையற்காரரிடம் பேரம் பேசவும், வரி கொடுக்காத பங்காளி வீட்டு வாசலில் பொறுமையாக நிற்கவும் கற்கிறான். கண்மாய் வேலையிலோ 40 பேரும் உங்கள் ஒருவர் சொல்லுக்கு மண் வெட்டினார்கள். எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம், எப்போது நிறுத்துவது என்று எதிலும் அவர்களுக்குச் சொல்லில்லை. கூலியும் இல்லை, குரலும் இல்லை என்றால் நான்காவது வாரம் வராதவரைக் குறை சொல்ல முடியுமா?

ஆகவே வரத்துக்காலைத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஓடை பிரியும் இடத்திலிருந்து தரைப்பாலம் வரை ஒரு குழு, தரைப்பாலத்திலிருந்து கண்மாய் வாய் வரை இன்னொரு குழு என்று, கண்ணால் பார்த்து “இது எங்களுடையது” என்று காட்டக்கூடிய எல்லைகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். எந்த நாளில் வேலை, முள்ளை ஆள் வைத்து வெட்டுவதா இயந்திரம் அமர்த்துவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது இதுதான்: ஒரு குழு தவறாக முடிவெடுப்பதைப் பார்த்துக்கொண்டு, ஆபத்தில்லாத வரை தலையிடாமல் இருக்க வேண்டும். பாதி வேலையில் நீங்கள் போய் மண்வெட்டியை வாங்கிக்கொண்டால் அந்தக் குழு அன்றோடு முடிந்தது.

மண்டகப்படியிலிருந்து எடுக்கக் கூடாத ஒன்றும் உண்டு. அது சாதிவாரியாகப் பிரிந்தது. பல ஊர்களில் சிலருக்கு அதில் இடமே இல்லை. குழுக்களைத் தெருவாரியாகப் பிரித்தால் அதே பிளவை வரத்துக்காலிலும் வெட்டி வைப்பீர்கள். எல்லாத் தெருவினரும் ஒவ்வொரு குழுவிலும் இருக்கட்டும். அந்த 40 பேரில் காலனித் தெருவிலிருந்து எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் கூட்டினீர்களா, எல்லோரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய பள்ளி வளாகத்தில் கூட்டினீர்களா என்பதும் எனக்குத் தெரியாது. இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஏரி, கண்மாய்ப் பராமரிப்பில் பல இடங்களில் உடலுழைப்பு ஒடுக்கப்பட்டவர்கள் மீதும், நீரின் பயன் நிலம் வைத்திருந்தவர்கள் மீதும் விழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே கொண்டுவந்து, வழக்கமான மராமத்துக்கு வராதவர்களிடம் தண்டம் வசூலிக்க வழி செய்தது. அந்த நினைவுள்ள குடும்பத்திடம் போய் “ஊருக்காகச் சும்மா வந்து மண் வெட்டு” என்று கேட்பதற்கு முன், கண்மாய் நிறைந்தால் மீன் குத்தகைப் பணத்திலும் வண்டல் மண்ணிலும் அவர்களுக்கு என்ன பங்கு என்ற பேச்சை நீங்கள் தொடங்கியிருக்க வேண்டும்.

நூறு நாள் வேலையைக் காட்டிச் சொல்கிறவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூலிக்குச் செய்யும் வேலையை அன்றாடங்காய்ச்சி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இலவசமாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது தொண்டாகாது. திட்டங்களில் நடக்காத வேலையைத் தன்னார்வலர்களுக்குக் கொடுங்கள்: வரத்துக்காலின் நீளத்தை நடந்து அளப்பது, எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே மேடு என்று குறிப்பது, உபரி நீர் வழியும் கலுங்கும், பாசனத்துக்கு நீர் திறக்கும் மடையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று படம் எடுத்து எழுதுவது, இயந்திரம் ஓடும் மணிக்கணக்கைக் கூட இருந்து பார்த்துக் குறிப்பது. பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் இதை நம்மைவிடத் துல்லியமாகச் செய்வார்கள்.

பெண்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக்குழுக்கள் இன்று உங்கள் ஊர் வரை இருக்கின்றன. அவர்களுடைய கூட்டம் ஒன்றுக்கு, அனுமதி கேட்டு, ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சேமிப்புப் பணத்தை நடுவில் வைத்து எல்லோர் காதிலும் விழ எண்ணுவார்கள். யாருக்குக் கடன், எதற்காக, எப்போது திருப்புவது என்பது தீர்மான நோட்டில் ஏறும். கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுந்திருப்பார்கள். குழுவை வழிநடத்தும் ஊக்குநராக இருந்து வங்கி மேலாளரிடம் வாதாடிப் பழகிய ஒரு பெண்மணி, நீங்கள் வெளியூரிலிருந்து அழைக்க நினைத்த பயிற்சியாளரைவிட உங்கள் மன்றத்துக்கு அதிகம் கற்றுத்தருவார். பொருளாளர் பொறுப்பை அப்படிப்பட்ட ஒருவரிடம் கேட்டுக் கொடுங்கள். மன்றத்தின் பெயரில் ‘இளைஞர்’ இருப்பது அதற்குத் தடையாக வேண்டியதில்லை.

பெரியவர்களிடம் நீங்கள் இதுவரை ஆதரவு கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆதரவு கேட்டால் அறிவுரைதான் கிடைக்கும். தகவல் கேளுங்கள். பழைய வரத்துக்கால் எந்தப் புஞ்சை வழியாக வந்தது, எந்த ஆண்டு வெள்ளத்தில் கரை உடைந்தது, மடை திறக்கும் முறை எப்படி இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மடை திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர் யாராவது உயிருடன் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெரியவர்களைக் கூட்டிப்போய்க் கண்மாயைச் சுற்றி நடந்தால், சின்னப் பயல்கள் என்ற பேச்சு அந்த நடையிலேயே பாதி குறைந்துவிடும். ஓய்வு பெற்ற ஆசிரியரும், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து பொழுது போகாமல் இருப்பவரும் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கும் தலைமை உரை தவிர வேறு வேலை கொடுக்கலாம்.

அடுத்தது பதவிக்காலம். நீங்கள் மூன்று ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறீர்கள், போதும். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்தபோது, முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரைச் சேர்க்கவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கியது. பொறுப்பு 360 நாட்களுக்குத்தான். நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமான சபை அது என்பதால் அதை மக்களாட்சி என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் பதவிக்காலம், கணக்கு என்ற அந்த இரண்டு விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு விலகப்போவதாக இப்போதே அறிவித்து, துணைச் செயலாளர் ஒருவரை எல்லா வேலையிலும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். வரவு செலவை மாதம் ஒருமுறை டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். டீசல் எத்தனை லிட்டர், டீ எத்தனை என்பது வரை இருக்கட்டும். அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறவர்தான் உங்கள் அடுத்த தன்னார்வலர்.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகு, அங்குள்ள இளைஞர்களும் கடைமடை விவசாயிகளும் சேர்ந்து 2019இல் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். ஊரிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்கள் பணம் தந்தார்கள், மண்ணை இயந்திரம் அள்ளியது. கணக்கையும் மேற்பார்வையையும் எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

இவ்வளவுக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவான கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் பொறுப்பு. கருவேலமரத்தைக்கூட அனுமதியின்றி வெட்டினால் வம்பு உங்கள் தலையில்தான் விழும். அளந்து எழுதிய விவரங்களோடு, கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவருவது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. 18 வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் உங்கள் மன்றத்தின் ஒவ்வொரு பையனும் பெண்ணும் அதன் உறுப்பினர். பேசுவதற்கு யாருடைய தயவும் வேண்டாம். 500 பேருக்கு மேல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால், ஆள் கூட்டும் உங்கள் திருவிழாத் திறமைக்கு அங்கே வேலை இருக்கிறது. தீர்மானத்தை நீங்கள் வாசிக்காதீர்கள். அளந்த குழுவிலிருந்து ஒருவர் வாசிக்கட்டும்.

சட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல கையுறைகளும் இரண்டு அளவு நாடாக்களும் வாங்குங்கள். கருவேல முள் கிழித்தால் அச்சடித்த சட்டை ஒரு ஞாயிறுகூடத் தாங்காது.