அரசுக்குக் காசு தேவையென்றால் ஏன் அச்சடிக்கக் கூடாது? சொந்த நாணயம்தானே?

இதைக் கேட்பவர் 2022 இல் இலங்கையில் இருந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ரூபாயை எவ்வளவும் அச்சடிக்கலாம். அச்சடித்தும் பார்த்தார்கள். 2019 இறுதியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், பின்னாலேயே கொரோனாவும் வந்தது. அரசுக்கு விழுந்த துண்டை, அதன் கடன் பத்திரங்களை அச்சடித்த காசில் வாங்கி மத்திய வங்கி நிரப்பியது. ஆனால் பெற்றோலையும் காஸையும் மருந்தையும் ரூபாய்க்கு எவனும் தரமாட்டான். நாட்டில் ரூபாய் பெருகியது, டொலர் வற்றியது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குச் சிறிய பலசரக்குக் கடை. 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்த டொலரை மார்ச் 7 இல் அவிழ்த்துவிட்டார்கள், மே மாதம் 360 க்குப் போய்விட்டது. மொத்த வியாபாரிக்குப் போன் எடுத்தால், "தம்பி, இந்த விலை பின்னேரம் வரைக்கும்தான். நாளைக்கு என்ன விலையெண்டு என்னாலை சொல்லேலாது" என்பார். 400 கிராம் பால்மா பைக்கற் ஒரேயடியாக 250 ரூபாய் ஏறி 790 ஆனது. பழைய விலை அடித்திருந்ததைப் பழைய விலைக்கே கொடுத்தோம். அந்தக் காசுக்கு அதே அளவு சரக்கைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கடைக்காரர்கள் பதுக்கினார்கள் என்று கீழே எழுத வருவீர்கள். பதுக்கியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. எங்கள் றாக்கை காலியாகக் கிடந்ததற்குக் காரணம், போட்ட முதல் கரைந்தது.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வங்கியில் போடாமல் உண்டியலில், அதாவது தனியார் கைமாற்று வழியில், காசு அனுப்பியவர்களால்தான் நாடு விழுந்தது என்கிறார்கள். இது என்னை மிகவும் நோகடிக்கிற பேச்சு. கட்டாரில் வெயிலில் நின்று உழைக்கிற என் மச்சானுக்கு அப்போது ஒரு டொலருக்கு வங்கி 203 தந்தது, வெளியில் அதைவிட எவ்வளவோ கூடத் தந்தார்கள். அவர் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பார்ப்பாரா, பொய் விலையைக் காப்பாற்றுவாரா? விலையை அமுக்கி வைத்தவர்களை யாரும் கேட்பதில்லை.

"அமெரிக்கா அச்சடிக்கிறதே?" என்பீர்கள். அமெரிக்கா தன் கடனைத் தன் காசிலேயே வாங்குகிறது, உலகத்தில் எண்ணெய் விற்பவர்களில் பெரும்பாலானோர் கேட்பதும் அந்தக் காசைத்தான். நம்முடைய ரூபாயைக் கடல் தாண்டி யார் வாங்குவார்கள்?

அச்சடித்த காசுக்கு வரி கட்டியது என் அம்மா மாதிரி ஆட்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, பென்சன் ரூபாயில்தான் வரும். 2022 செப்டம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைக் கணக்குப்படி, உணவு விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. அரசுக்கு நேரே அச்சடித்துக் கொடுப்பதை 2023 இன் மத்திய வங்கிச் சட்டம் தடுத்தபோது பலர் ஐஎம்எஃப் என்கிற சர்வதேச நாணய நிதியத்தின் கட்டளை என்று திட்டினார்கள். யார் சொல்லி வந்தாலும் எனக்கு அது வேண்டும்.

இப்போது கோயில் திருவிழாவுக்கு வருகிற எங்கள் சொந்தக்காரரே கடை வாசலில் நின்று, "இஞ்சை எல்லாம் மலிவு" என்கிறார்கள். டொலரில் உழைப்பவருக்கு மலிவுதான். பக்கத்தில் ரூபாயை எண்ணிக்கொண்டு நிற்பவரின் முகத்தை ஒருமுறையாவது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.